பாதிப் புருவம்

என் புருவத்தின் வெளி ஓரம் கரைந்துகொண்டிருந்ததை முதலில் கண்டுபிடித்தது அக்காதான். கிளம்பும் அவசரத்தில் கண்ணாடி முன்னால் நின்றிருந்த என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "என்னடி, பார்லர்ல பாதிப் புருவத்தையும் சேர்த்து எடுத்துட்டாங்களா?" என்றாள். நான் பார்லர் பக்கம் போயே மூன்று மாதமாகியிருந்தது. அப்போதும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. "எல்லாம் இந்த பிசிஓஎஸ்தான்க்கா" என்று சொல்லி, விட்ட இடத்தைப் பென்சிலால் வரைந்து முடித்தேன்.

அந்தக் காலத்தில் யார் எதைக் கேட்டாலும் என்னிடம் இருந்த ஒரே பதில் அது, சினைப்பையில் நீர்க்கட்டி என்று ஊரில் சொல்லும் அந்தக் கோளாறு. ஏன் எடை ஏறுகிறது? பிசிஓஎஸ். ஏன் முடி கொட்டுகிறது? பிசிஓஎஸ். மத்தியானம் மூன்று மணிக்குக் கண் சொருகுவதற்கும், நல்ல வெயில் காலத்தில் சாக்ஸ் போட்டுக்கொண்டு தூங்குவதற்கும், வாரக்கணக்கில் தீராத மலச்சிக்கலுக்கும்கூட அதே பெயர். குடலுக்கும் சினைப்பைக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை. பத்தொன்பது வயதில் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் கையில் கொடுத்த பெயரை ஒன்பது வருடம் எல்லாவற்றின் மீதும் ஒட்டிக்கொண்டே வந்தேன்.

அந்தப் பெயரைப் பற்றியே முதலில் சொல்லிவிடுகிறேன். ரிப்போர்ட்டில் "நீர்க்கட்டிகள்" என்று பார்த்ததும் உள்ளே ஏதோ கட்டி கட்டியாகத் தொங்குகிறது என்றுதான் நானும் பயந்தேன். உண்மையில் அவை கட்டிகளே இல்லை. மாதாமாதம் ஒன்று முற்றி சினைமுட்டையை வெளியே விட வேண்டிய சிறு பைகள், முற்றாமல் பாதி வழியில் நின்றுபோய்க் கூட்டமாகத் தங்கிவிடுவதைத்தான் ஸ்கேன் காட்டுகிறது. 1935இல் ஸ்டைன், லெவெந்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் ஏழு பெண்களை வைத்து இதை விவரித்தபோது சினைப்பையின் தோற்றத்தைப் பார்த்தார்கள். பெயரும் அந்தத் தோற்றத்திலேயே நின்றுவிட்டது. உள்ளே நடப்பது பெரும்பாலும் இன்சுலினும் ஆண் ஹார்மோன்களும் சேர்ந்து ஆடும் ஆட்டம். உலகம் முழுக்கப் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் 8 முதல் 13 சதவீதம் பேருக்கு இது இருப்பதாகக் கணக்கு. ஆக, நான் ஒன்றும் அபூர்வப் பிறவி இல்லை.

இதைக் கண்டுபிடிக்க 2003இல் ராட்டர்டாம் நகரில் நிபுணர்கள் கூடி வகுத்த அளவுகோலைத்தான் இன்றும் அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். மாதவிடாய் சீரில்லாமை, ஆண் ஹார்மோன் கூடுதலாக இருப்பதன் அடையாளம், ஸ்கேனில் தெரியும் சினைப்பை. இந்த மூன்றில் இரண்டு இருந்தால் பிசிஓஎஸ். இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்த வரிதான் காற்றோடு போய்விடுகிறது: இதே மாதிரி வேஷம் போடக்கூடிய மற்ற நோய்கள் இல்லை என்று உறுதிசெய்த பிறகே இந்தப் பெயரை வைக்க வேண்டும். அந்த மற்ற நோய்களின் பட்டியலில் தைராய்டுக்கு முன்வரிசை இடம். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் கூடுவதும், அட்ரீனல் சுரப்பியின் ஒரு பரம்பரைக் கோளாறும் கூட இருக்கின்றன. பிற்பாடு என் பழைய ஃபைலைத் தேடி எடுத்துப் புரட்டினேன். ஸ்கேன் இருந்தது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் இருந்தது. சர்க்கரை இருந்தது. தைராய்டைப் பார்க்கும் டிஎஸ்எச் பரிசோதனை இல்லை. அன்று எடுத்திருந்தாலும் சரியாகவே இருந்திருக்கலாம். பத்தொன்பதில் சரியாக இருக்கும் தைராய்டு இருபத்தெட்டு வரை அப்படியே இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. ஆனால் அந்த ஒன்பது வருடத்தில் ஒரு தடவையாவது யாராவது கேட்டிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம்.

கடைசியில் அது வெளியே வந்தது தற்செயலாக. வேறெதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் எகிறியிருந்தது. "இந்த வயசுல இவ்வளவு ஏம்மா?" என்று கேட்ட டாக்டர், என் கையைத் தொட்டுப் பார்த்தார், கழுத்தைத் தடவினார், பிறகு புருவத்தைப் பார்த்தார். "தைராய்டு எப்போ பார்த்தீங்க?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. தைராய்டு மந்தமானால் கெட்ட கொலஸ்ட்ராலைக் கல்லீரல் ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்வதும் மந்தமாகும் என்பது அன்று அவர் சொல்லித்தான் தெரியும்.

டிஎஸ்எச் 14.6. தைராய்டு சுரக்கும் ஹார்மோனின் அளவான ஃப்ரீ டி4 கீழ் எல்லைக்குச் சற்றுக் கீழே. பொதுவாக லேப்கள் டிஎஸ்எச்சுக்கு 0.4 முதல் 4 அல்லது 4.5 வரை சரி என்று போடுவார்கள். டிஎஸ்எச் என்பது தைராய்டு சுரப்பது இல்லை. மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டை அதட்டும் குரல். வேலை நடக்காதபோது குரல் உயரும். தைராய்டு கொஞ்சம் சுணங்கினாலே இந்தக் குரல் பல மடங்கு உயர்ந்துவிடும், அதனால்தான் முதலில் அதைப் பார்க்கிறார்கள்.

"அப்போ எனக்கு பிசிஓஎஸ் இல்லையா டாக்டர்?" என்று கேட்டபோது என் குரலில் இருந்த ஆசை எனக்கே கேட்டது. ஒன்பது வருடமாகத் தப்பான முகவரியில் குடியிருந்தோம், இனி வீடு மாறிவிடலாம் என்ற நப்பாசை. அவர் சிரித்துவிட்டார். "அதுவும் இருக்கு, இதுவும் இருக்கு."

இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது அப்படியொன்றும் ஆச்சரியம் இல்லையாம். 2004இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், பிசிஓஎஸ் உள்ள 175 பெண்களையும் இல்லாத 168 பெண்களையும் ஒப்பிட்டார்கள். தைராய்டைத் தாக்கும் ஆன்டிபாடிகள் பிசிஓஎஸ் உள்ளவர்களில் 26.9 சதவீதம் பேரிடம் இருந்தன, மற்றவர்களில் 8.3 சதவீதம்தான். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஏன் என்பதற்கு முன்வைக்கப்படும் விளக்கங்களில் ஒன்று எனக்குப் பிடித்தமானது: சினைமுட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன் சுரப்பதில்லை. இன்னொரு பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் நோயெதிர்ப்பு மண்டலத்தை உசுப்பிவிடும் சுபாவம் உள்ளது, புரோஜெஸ்டிரோன் அதைத் தட்டிக்கொடுத்து அடக்குவது. அடக்க ஆளில்லாத வீட்டில் சண்டை வரத்தானே செய்யும். இரண்டு நோய்க்கும் பொதுவான மரபணுக்களும் உண்டு என்கிறார்கள்.

என்னுடைய ஆன்டிபாடி அளவும் உயர்ந்திருந்தது. ஹாஷிமோட்டோ என்றார்கள். பெயரைக் கேட்டதும் ஏதோ கார் கம்பெனி போல இருந்தது. ஹகாரு ஹாஷிமோட்டோ ஜப்பானிய அறுவை சிகிச்சை மருத்துவர். 1912இல் நான்கு பெண்களின் வீங்கிய தைராய்டுகளை நுண்ணோக்கியில் பார்த்து, அவற்றுக்குள் வெள்ளணுக்கள் குடியேறியிருப்பதை ஜெர்மன் மொழியில் எழுதி வெளியிட்டார். பிறகு ஊருக்குத் திரும்பி சாதாரண மருத்துவராக வேலை பார்த்து, 1934இல் டைபாய்டில் இறந்தார். உடம்பு தன் சுரப்பியையே தாக்குகிறது என்று மற்றவர்கள் நிரூபித்தது 1956இல். தன் பெயர் இத்தனை பெண்களின் ஃபைல்களில் ஏறும் என்று அந்த மனிதருக்குத் தெரியாமலே போயிற்று.

சரி, எந்தத் தொல்லை யாருடையது? இதைப் பிரித்துப் பார்க்க எனக்கு வெகுநாள் பிடித்தது. முகவாயில் முளைக்கும் முரட்டு முடியும், தாடையோரப் பருவும், உச்சந்தலையில் வகிடு அகலமாவதும் பிசிஓஎஸ்ஸின் கைவரிசை. கழுத்து மடிப்பில் வெல்வெட் துணிபோலக் கருமை படர்ந்தால் அது அழுக்கு இல்லை, இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டவள் சொல்கிறேன். தைராய்டு மந்தமானால் தலை முழுக்கப் பரவலாக முடி கொட்டும், தோல் எண்ணெய் வழிவதற்குப் பதிலாக வறண்டு உரியும், குளிர் தாங்காது, குடல் மந்தமாகும், குரல்கூடக் கரகரக்கும். புருவத்தின் வெளி மூன்றில் ஒரு பங்கு உதிர்வதும் பழைய மருத்துவப் புத்தகங்களிலிருந்தே வரும் அடையாளம்தான், ஆனால் வேறு காரணங்களாலும் உதிரும் என்பதால் அதை மட்டும் வைத்து யாரும் தீர்ப்பு எழுதுவதில்லை. களைப்பு, எடை, மனச்சோர்வு, தள்ளிப்போகும் பீரியட்ஸ் மட்டும் இருவருக்கும் பொதுச் சொத்து. அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம்.

போதாக்குறைக்கு ஒன்று இன்னொன்றுக்கு எண்ணெய் ஊற்றுகிறது. தைராய்டு ஹார்மோன் குறைந்தால் கல்லீரலில் எஸ்எச்பிஜி என்ற புரதம் குறைகிறது. ரத்தத்தில் ஓடும் டெஸ்டோஸ்டிரோனைக் கட்டிப்போட்டு வைப்பது அதன் வேலை. கட்டு தளர்ந்தால் அவிழ்ந்து திரியும் பங்கு கூடும். பிசிஓஎஸ்ஸில் இன்சுலின் ஏற்கெனவே அந்தப் புரதத்தைக் குறைத்து வைத்திருக்கும். இன்னொரு பக்கம், தைராய்டை எழுப்ப மூளை அனுப்பும் டிஆர்எச் என்ற ஹார்மோன் போகிற போக்கில் புரோலாக்டினையும் தூண்டிவிடும். அது சினைமுட்டை வெளிவருவதைத் தடுக்கும். வெகுகாலம் கவனிக்காமல் விட்ட கடுமையான தைராய்டு குறைபாட்டில் சினைப்பைகளே பெரிதாகி உண்மையான கட்டிகள் வருவதுண்டு. 1960இல் வான் வைக், கிரம்பாக் என்ற இருவர் சிறுமிகளிடம் விவரித்த நிலையில் இதைப் பார்க்கலாம். தைராய்டு ஹார்மோனையே மாத்திரையாக்கிய தைராக்ஸினைக் கொடுத்தாலே அவை சுருங்கிவிடும். தெரியாமல் கத்தி வைத்தால் அநியாயம்.

மாத்திரை ஆரம்பித்தேன். அத்தோடு என் இரண்டாவது தப்பும் ஆரம்பித்தது.

இதுவரை எல்லாப் பழியையும் சுமந்த பிசிஓஎஸ்ஸை இறக்கிவிட்டு, எல்லா எதிர்பார்ப்பையும் தைராய்டின் தலையில் ஏற்றினேன். மாத்திரை உள்ளே போனதும் எடை உருகும், முகவாய் முடி தானாக உதிரும், பீரியட்ஸ் நாள்காட்டி பார்த்து வரும் என்று காத்திருந்தேன். தைராக்ஸின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும், அதனால் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்துத்தான் திரும்பப் பரிசோதிப்பார்கள். எட்டு வாரத்தில் டிஎஸ்எச் 5.1. மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினார்கள். அடுத்த எட்டு வாரத்தில் 2.2. சாக்ஸ் அலமாரிக்குப் போனது. குடல் வழிக்கு வந்தது. படித்த பக்கத்தையே திரும்பப் படிக்கும் வியாதி போனது. நான்கைந்து மாதத்தில் புருவமும் முளைத்தது, முதலில் பூனை முடி போல, பிறகு நிஜமாக.

எடை? மூன்று கிலோ. அதுவும் பெரும்பாலும் உப்பும் நீரும். தைராய்டு குறைபாட்டால் மட்டும் கூடும் எடை சாதாரணமாக இரண்டிலிருந்து நாலரை கிலோவுக்குள்தான் இருக்கும் என்று முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அவ்வளவு ஏமாந்திருக்க மாட்டேன். முகவாய் முடி ஒன்றுகூட அசையவில்லை. பீரியட்ஸ் மட்டும் எண்பது, தொண்ணூறு நாளிலிருந்து நாற்பத்தைந்து, ஐம்பதுக்கு இறங்கியது. "மாத்திரையை இன்னும் கொஞ்சம் கூட்டினா என்ன டாக்டர்?" என்று கேட்டும் பார்த்தேன். தேவைக்கு மேல் தைராக்ஸின் போனால் இதயத் துடிப்பு தாளம் தப்பும், எலும்பு கரையும், இது இளைக்கிற மருந்து இல்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

பிறகு நடந்தது எனக்கே வெட்கம். டிஎஸ்எச் சரியாகிவிட்ட திருப்தியில் ஒரு வருடம் மகப்பேறு மருத்துவரைப் பார்க்கவே போகவில்லை. இடையில் நான்கு மாதம் பீரியட்ஸ் வரவில்லை, "தைராய்டு கொஞ்சம் ஏறியிருக்கும்" என்று இருந்துவிட்டேன். போனபோது அந்த அம்மா கணக்குக் கேட்டார். தொண்ணூறு நாளுக்கு மேல் தள்ளிப்போக விடக் கூடாது, கருப்பையின் உள்சுவர் உதிர வழியில்லாமல் தடித்துக்கொண்டே போகும், பல வருடம் அப்படியே விட்டால் அது புற்றுநோய்க்கு இடம் கொடுக்கும் என்றார். தைராய்டு மாத்திரை அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளாது. சர்க்கரைப் பரிசோதனையும் அப்படித்தான். டிஎஸ்எச் 2 இருந்தாலும் 12 இருந்தாலும், பிசிஓஎஸ் உள்ளவள் அதைத் தனியாகச் செய்துகொள்ளத்தான் வேண்டும்.

இனி சொல்லப்போவதை பிசிஓஎஸ் உள்ள ஒவ்வொருத்தியிடமும் கையைப் பிடித்துச் சொல்ல ஆசை. முடி கொட்டுகிறதே என்று நான் ஒரு மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தேன். முடிக்கு, நகத்துக்கு, தோலுக்கு என்று விற்பார்களே, அது. டாக்டர் எழுதிக் கொடுத்ததில்லை, அதனால் அதை மருந்து என்றே நான் நினைக்கவில்லை. ஒரு தடவை ரிப்போர்ட் வந்தது: டிஎஸ்எச் 0.08, ஃப்ரீ டி4 மேல் எல்லையைத் தாண்டி. பார்த்தால் தைராக்ஸின் அளவுக்கு மீறிப் போய்விட்டது போல. ஆனால் எனக்குப் படபடப்பு இல்லை, கை நடுக்கம் இல்லை, தூக்கம் நன்றாக வந்தது. அந்த நேரம் பார்த்து என்னுடைய டாக்டர் ஊரில் இல்லை. வேறொரு இடத்தில் காட்டியபோது மாத்திரையைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார்கள். நான் குறைத்தேன். ஐந்து வாரத்தில் சாக்ஸ் திரும்ப வெளியே வந்தது.

விஷயத்தை அவிழ்த்தது அடுத்த முறை ரத்தம் எடுத்த பெண். ஊசியை எடுத்துக்கொண்டே, "முடிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா அக்கா? பயோட்டின்?" என்றாள். பல லேப் கருவிகள் ஹார்மோனைப் பிடித்து அளப்பதற்கே பயோட்டின் என்ற வைட்டமினை ஒரு கொக்கி போலப் பயன்படுத்துகின்றன. நம் ரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் வழிந்தால் கொக்கி மாட்ட வேண்டிய இடங்களை அது அடைத்துக்கொள்ளும். டிஎஸ்எச்சை அளக்கும் முறையில் அதனால் எண் பொய்யாகக் குறையும். ஃப்ரீ டி4ஐ அளக்கும் முறை நேரெதிர், அங்கே எண் பொய்யாகக் கூடும். இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்வதுபோலப் பொருந்திவேறு போகும், அதுதான் கொடுமை. ஒரு நாளுக்கு நமக்குத் தேவை 30 மைக்ரோகிராம். என் முடி மாத்திரையில் இருந்தது 10,000. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017இலேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. பரிசோதனைக்கு இரண்டு நாளாவது முன்னால் நிறுத்திவிட வேண்டும் என்பது பொது விதி. நான் நான்கு நாள் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுத்தேன். டிஎஸ்எச் 9.3. பாதி மாத்திரையில் அது ஏறாமல் என்ன செய்யும்? பழைய அளவுக்கே திரும்பினோம்.

முடி கொட்டுவதற்காகச் சாப்பிட்ட மாத்திரை, முடி கொட்டக் காரணமான நோயின் கணக்கைக் குழப்பி, அந்த நோயைத் திரும்பக் கொண்டுவந்தது. இதைவிட நேர்த்தியாக ஒரு சதி செய்ய முடியுமா? செலினியமும் இந்த ரகம்தான். தைராய்டுக்கு நல்லது என்று கேள்விப்பட்டு அளவில்லாமல் விழுங்கினால் முடி கொட்டும், நகம் உடையும். கடல்பாசி மாத்திரைகளில் இருக்கும் கூடுதல் அயோடின் ஹாஷிமோட்டோவைக் கிளறிவிடும்.

டாக்டர் எழுதித் தரும் மருந்துகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. பீரியட்ஸைச் சீராக்கக் கொடுக்கும் கருத்தடை மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன், தைராய்டு ஹார்மோனைச் சுமக்கும் புரதத்தைக் கூட்டும். அதனால் மொத்த டி3, டி4 எண்கள் உயர்ந்தாற்போலத் தெரியும். ஃப்ரீ டி4ஐப் பார்ப்பதுதான் நியாயம். தைராக்ஸின் எடுப்பவர்களுக்கு அளவைக் கொஞ்சம் கூட்ட வேண்டியும் வரலாம். இன்சுலினுக்காகக் கொடுக்கும் மெட்ஃபார்மின், தைராய்டு குறைபாடு உள்ளவர்களிடம் டிஎஸ்எச்சைச் சற்று இறக்கிக் காட்டும். அதிக ரத்தப்போக்குக்கு எழுதித் தரும் இரும்புச் சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் தைராக்ஸினோடு சேர்த்து விழுங்கினால் தைராக்ஸின் உடம்பில் ஏறாது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். காபியும் தடுக்கும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் சும்மா இருப்பது எனக்கு இந்த நோய் கொடுத்த பெரிய தண்டனை.

எடையும் டிஎஸ்எச்சும் இரு வழிப் பாதை. உடல் எடை கூடினாலே டிஎஸ்எச் லேசாக ஏறும், எடை குறைந்தால் இறங்கும். அதனால் 5, 6 என்று ஒரு எண்ணைப் பார்த்ததும் ஆயுள் முழுக்க மாத்திரை என்று முடிவுகட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. சில வாரம் கழித்துத் திரும்ப எடுத்துப் பார்த்து, ஃப்ரீ டி4, ஆன்டிபாடி இரண்டையும் சேர்த்து வைத்துப் பேச வேண்டிய விஷயம் அது. 10ஐத் தாண்டினால் கதை வேறு. கர்ப்பத்துக்கு முயல்பவர்களுக்கும் கதை வேறு. முதல் மூன்று மாதம் குழந்தை பெரும்பாலும் அம்மாவின் தைராய்டு ஹார்மோனை நம்பித்தான் வளர்கிறது. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்களுக்கு 25 முதல் 50 சதவீதம் வரை கூடுதலாகத் தேவைப்படும் என்பதால், நாள் தள்ளிப்போனதுமே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். நாள் தள்ளிப்போவதே வழக்கமாகிவிட்ட நம் போன்றவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது: சந்தேகம் வருவதற்கே இரண்டு மாதம் ஆகிவிடும். ஆன்டிபாடி மட்டும் இருந்து மற்றதெல்லாம் சரியாக இருந்தால்? 2019இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் அப்படிப்பட்ட 952 பெண்களில் பாதிப் பேருக்குத் தைராக்ஸின், பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். உயிரோடு பிறந்த குழந்தைகள் விகிதத்தில் வித்தியாசமே இல்லை.

என் ஹாஷிமோட்டோ தெரியவந்த பிறகு அக்காவையும் பரிசோதனைக்கு இழுத்துப் போனேன். குடும்பத்தில் ஓடும் நோய் இது. அவளுக்கு பிசிஓஎஸ் கிடையாது, இருபத்தெட்டு நாளுக்கு ஒரு நாள் பிசகாத ஆள். ஆன்டிபாடி இருந்தது. டிஎஸ்எச் 3.1. "அப்போ எனக்கும் மாத்திரையா?" என்று பதறினாள். இங்கிலாந்தில் விக்கம் என்ற ஊர் மக்களை இருபது வருடம் பின்தொடர்ந்த ஒரு ஆய்வு உண்டு. ஆன்டிபாடி மட்டும் இருந்து டிஎஸ்எச் சரியாக இருந்த பெண்களில் வருடத்துக்கு சுமார் 2 சதவீதம் பேருக்குத்தான் தைராய்டு குறைபாடு வந்தது. இரண்டுமே உயர்ந்திருந்தவர்களில் 4 சதவீதத்துக்கு மேல். டாக்டர் அவளுக்கு மாத்திரை எழுதவில்லை, வருடம் ஒரு முறை டிஎஸ்எச் மட்டும் பார்க்கச் சொன்னார். ஆன்டிபாடியைத் திரும்பத் திரும்ப அளக்கத் தேவையில்லை என்றும் சொன்னார்.

இந்த வருட ரிப்போர்ட்டைப் போன வாரம் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். 3.4. கூடவே ஒரு படம்: வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பி, வலது புருவத்தை மட்டும் அத்தனை பக்கத்தில் எடுத்திருந்தாள். கீழே, "முழுசா இருக்காடி?"